பச்சை சார் போட்ட பூட்டு

அலுவலகத்தில் அவருக்குப் பச்சை சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அறைக்கதவில் பித்தளை எழுத்துகளில் பளபளத்தது. ஆனால் அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. மாதம் பிறந்தால் அவர் ஒரு பெரிய அட்டவணை தயாரிப்பார். அதில் எண்பது கட்டங்கள். எண்பதிலும் பச்சை நிறம் பூசி முதலாளி அம்மாவின் மேஜையில் வைப்பார். பச்சை என்றால் எல்லாம் நலம். ஒருமுறை ஏசி நின்று சர்வர் அறை சூளை மாதிரிக் கொதித்து, இரண்டு சர்வர்கள் ஒரு நாள் முழுக்க மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தன. அந்த மாத அட்டவணையும் பச்சையாகத்தான் இருந்தது. கேட்டதற்கு, "சராசரி எடுத்தேன்" என்றார்.

அந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு சர்வரம்மா என்று பெயர். நாற்பத்தொரு வயது. கல்யாணமான புதிதில் "சர்வர் வேலை" என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, மருமகள் ஏதோ ஹோட்டலில் மேஜை துடைக்கிறாள் என்று நினைத்த மாமியார் ஒரு மாதம் சொந்தக்காரர்கள் பக்கமே தலைகாட்டவில்லை. விவரம் புரிந்த பிறகும் அவருக்குப் பெரிதாகத் திருப்தியில்லை. "ஹோட்டலா இருந்தா ஷிஃப்ட் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்திருப்பா" என்றார்.

நிறுவனம் பாலங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம். நூற்றுப்பன்னிரண்டு பேர் வரைகிறார்கள். பாதிப்பேர் அவரவர் வீட்டிலிருந்து. ஒரு பாலத்தின் வரைபடம் சாதாரணக் கணினி தாங்குகிற சுமையில்லை. அதனால் வரைபடங்களும் வரையும் மென்பொருளும் ஐந்து லினக்ஸ் சர்வர்களில் இருந்தன. வரைகிறவர் வீட்டில் உட்கார்ந்து ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறப்பார். சர்வரின் திரை அவர் திரையில் தெரியும். அங்கே எலியை அசைத்தால் இங்கே கோடு விழும். அந்த ரிமோட் டெஸ்க்டாப் பேக்கேஜ், அதாவது இதையெல்லாம் செய்கிற மென்பொருள் மூட்டை, சரியாக இருக்கிறவரை வேலை ஓடும். அதில் ஓட்டை விழுந்தால், ஊரில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பாலத்தின் காலை நகர்த்தி வைத்துவிட்டுப் போகலாம்.

பச்சை சார் அவளுக்கு மேலதிகாரி மட்டுமல்ல, நாத்தனார் கணவர். அலுவலகத்தில் சார், வீட்டில் அண்ணா. இரண்டும் கெட்டான் இடமான லிஃப்டில் மட்டும் அவள் எதுவும் சொல்லாமல் இருமிவைப்பாள்.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு வெளியிலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். பெரிய திரையில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து பெருமையடிக்க பச்சை சார் தயாராக நின்றார். அன்று காலைதான் அவள் வழக்கம்போல் பேக்கேஜைப் புதுப்பித்திருந்தாள். புதிய பதிப்பில் ஐகான்கள் இடது ஓரத்திலிருந்து கீழ் ஓரத்துக்குப் போயிருந்தன. அவ்வளவுதான். மனிதர் இடது ஓரத்தையே சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தார். "எங்க போச்சு... இங்கதானே இருந்துச்சு... எங்க போச்சு" என்று கண்ணாடியைத் தொலைத்தவர் மாதிரி முழு மூன்று நிமிடம் தேடினார். விருந்தினர்கள் நாகரிகமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போனதும் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாரைக் கேட்டு அப்டேட் பண்ணின?"

"வாராவாரம் பண்றதுதான் சார். ஓட்டை கண்டுபிடிச்சா அடைச்சு புதுசா அனுப்புவாங்க. நாம போட்டுக்கணும்."

"ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்கும்மா நோண்டுற? இனிமே ரிமோட் டெஸ்க்டாப் பக்கம் கையே வைக்கக் கூடாது. அப்டேட் ஆகாத மாதிரி ஒரு பூட்டு போட்டுடு."

"எழுத்துல குடுத்துடுங்க சார்."

"நமக்குள்ள எதுக்கும்மா எழுத்து? நான் உங்க வீட்டு மாப்பிள்ளை. நாம என்ன பத்திரப் பதிவா பண்றோம்?"

பூட்டு என்பது ஒரு சின்னக் கோப்பு. மற்ற எல்லாவற்றையும் புதுப்பி, இதை மட்டும் தொடாதே என்று சர்வரிடம் சொல்லும் நான்கு வரி. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து சர்வரிலும் போட்டாள்.

அதன் பிறகு அந்தப் பேக்கேஜுக்கு ஒன்பது புதிய பதிப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் அவள் அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் இரண்டு விரலால் ஈ ஓட்டுவது போல் ஓட்டினார். அவள் திரும்பி வந்து அன்றைய சாப்பாட்டு நேரத்தில் அந்த விரலை அப்படியே நடித்துக் காட்டுவாள். எதிரே உட்கார்ந்திருப்பவன் கேபிள். நெட்வொர்க் வயர் இழுக்கிறவன். ஆளும் வயர் மாதிரியே இருப்பான். அவன் அவள் நடிப்பைப் பார்த்துப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகிப்போனது. நாளுக்கு ஒருமுறை அந்த மனிதரை நாறடித்துவிட்டால், அன்றைய கடமை முடிந்தது போல ஒரு நிம்மதி வந்துவிடும்.

பத்தாவது பதிப்போடு வந்த எச்சரிக்கை வேறு மாதிரி இருந்தது. பழைய பதிப்பில் இருக்கும் ஓட்டை வழியாக, கடவுச்சொல்லே இல்லாமல், ஒருவர் திறந்து வைத்திருக்கும் திரைக்குள் இன்னொருவர் நுழைந்துவிடலாம். உடனே புதுப்பிக்கவும் என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். அச்செடுத்துக்கொண்டு போனாள்.

பச்சை சார் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாதுகாப்பில் சிறந்த நிறுவனம்" என்று ஏதோ ஒரு சங்கம் வருடாவருடம் கொடுக்கும் விருதுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், இது ஒத்திப்போடுற விஷயம் இல்ல."

"மாற்றக் குழுவுல வைம்மா."

சர்வரில் எதை மாற்றினாலும் ஒப்புதல் தர வேண்டிய மாற்றக் குழுவுக்கு அவர்தான் தலைவர், அவர்தான் செயலாளர். கூட்டக் குறிப்பையும் அவரே எழுதி, அவரே படித்துப் பார்த்து, அவரே ஏற்றுக்கொள்வார்.

"குழு எப்ப சார் கூடும்?"

"அடுத்த காலாண்டு. இப்ப விருது வேலை தலைக்கு மேல இருக்கு. ஏம்மா, இத்தனை மாசமா யாராவது உள்ள வந்தாங்களா? வரலையே?"

"வர்றவங்க சொல்லிட்டா சார் வருவாங்க?"

அவர் சிரித்தார். அவளுடைய கவலையை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்ட சிரிப்பு. அன்றைய சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சிரிப்பும் நடித்துக் காட்டப்பட்டது.

அதிலிருந்து மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, ஒரு பெரிய பாலத்தின் வேலையைக் கொடுக்க இருந்தவர்கள் தங்கள் தரப்பிலிருந்து ஒரு தணிக்கையாளரை அனுப்பினார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாள். தோளில் துணிப்பை, காலில் ஓடத் தோதான ஷூ. பச்சை சார் அவரைக் கூட்ட அறையில் உட்கார வைத்து, பதினான்கு மாத அட்டவணையையும் பெரிய திரையில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். முதலாளி அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். சர்வரம்மா கடைசி நாற்காலியில், தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள்.

"நிறம் நல்லா இருக்கு" என்றார் தணிக்கையாளர். "நான் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா?"

"தாராளமா! இது இரும்புக்கோட்டைம்மா" என்றார் பச்சை சார்.

தணிக்கையாளர் சோதனைக்கான அனுமதித் தாளை நீட்டி முதலாளி அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு துணிப்பையிலிருந்து பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்துச் சுவரில் இருந்த வயரைச் செருகினார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்து சேர்வதற்குள் பெரிய திரையில் ஒரு டெஸ்க்டாப் விரிந்தது.

அது பச்சை சாருடைய டெஸ்க்டாப். காலையில் அவர் சர்வரில் திறந்தது திறந்தபடி இருந்தது. நடுவில் விருது விண்ணப்பம். "இந்நிறுவனத்தின் ஒவ்வொரு சர்வரையும் பெற்ற பிள்ளையைப் போல நானே நாள்தோறும் கண்காணித்து" என்ற இடத்தில் வாக்கியம் அந்தரத்தில் நின்றது. எலியின் அம்பு தானாக ஊர்ந்து வந்தது. "கண்காணித்து" என்பதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக "வணக்கம்" என்று விழுந்தது.

கேபிள் தண்ணீர் தம்ளரோடு வாசலில் அப்படியே நின்றான்.

"கடவுச்சொல் கேக்கவே இல்ல" என்றார் தணிக்கையாளர், பேருந்து நேரம் சொல்வது போல. "பதினாலு மாசப் பழைய பதிப்பு."

முதலாளி அம்மா திரும்பினார். "ஏன் புதுப்பிக்கலை?"

பச்சை சாரின் முகம் பேயறைந்தது போலிருந்தது. ஆனால் வாய் மட்டும் எப்போதும்போல் சுறுசுறுப்பாக வேலை செய்தது. "நான் கொள்கை அளவுல பார்த்துக்கிறேன் மேடம். பேக்கேஜெல்லாம் இவங்க பொறுப்பு."

"சார்தான் பூட்டச் சொன்னார்" என்றாள் அவள்.

"நானா?" அவர் உண்மையிலேயே திடுக்கிட்டவர் போல நெஞ்சில் கை வைத்தார். "எழுத்துல இருக்காம்மா?"

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பதினான்கு மாதமாக அவரைக் கோமாளி என்று நினைத்திருந்தாள். கோமாளிக்கு இவ்வளவு விவரம் இருக்கும் என்று நினைக்கவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு இருவரும் ஆதாரத்தோடு வந்து விளக்க வேண்டும், அதுவரை வெளியிலிருந்து யாரும் சர்வருக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு முதலாளி அம்மா எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் கணவன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். அவன் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாத்தனார் தாள்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"அவர் ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடலை" என்றாள். "நீ நினைச்சா ஒரு வார்த்தையில முடிஞ்சிடும். மறந்துட்டேன்னு சொல்லிடேன். உனக்குன்னா ஒரு திட்டோட போயிடும். அவருக்குன்னா பதவியே போயிடும்."

"நான் மறக்கலையே அண்ணி. பதினாலு மாசமா ஞாபகம் வச்சு ஞாபகம் வச்சு அண்ணாகிட்ட சொல்லியிருக்கேன்."

"குடும்பத்துக்காக ஒரு பொய் சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

"அவர் ஏற்கெனவே ஒண்ணு சொல்லிட்டாரு அண்ணி. நானும் சொன்னா ரெண்டாயிடும்."

கணவன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். அக்காவுக்கு எதிரே அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. "அக்கா, அத்தான் சொல்லித்தான் இவ பூட்டினா. அன்னிக்கே வீட்டுல வந்து புலம்பினா, நான் கேட்டேன்" என்றான். சொல்லிவிட்டு அவசரமாக ஒரு தப்பான விடையைத் தேடிச் சுழித்தான்.

நாத்தனார் எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "உனக்கு அவர் மேல எப்பவுமே ஒரு இளக்காரம். அவர் வீழ்ந்தா பார்த்துச் சிரிக்கணும்னு காத்துக்கிட்டிருந்த."

சர்வரம்மா மேஜையில் ஒதுங்கிக் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு பச்சை சார் நீலச் சட்டையில் வந்தார். கையில் ஒரு தடித்த கோப்பு. உள்ளே மாற்றக் குழுவின் கூட்டக் குறிப்புகள், எல்லாம் அவர் கைப்பட. எந்தக் குறிப்பிலும் பூட்டு என்ற சொல்லே இல்லை. அவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. வாயால் சொன்னதைத்தான் வாயால் திருப்பிச் சொன்னாள்.

அன்றும் வந்திருந்த தணிக்கையாளர் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, "அந்தப் பூட்டுக் கோப்பைத் திறந்து காட்டுங்க" என்றார்.

திறந்தாள். நான்கு வரிக்கு மேலே ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. இந்தக் கோப்பில் காரணம் எழுதி வைக்க ஓர் இடம் உண்டு. சர்வர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அன்றைய எரிச்சலில் எதையோ தட்டியிருக்கிறாள். எழுதியது அவளுக்கே மறந்துபோயிருந்தது. தணிக்கையாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாக, உரக்கப் படித்தார்.

"காரணம்: சார் உத்தரவு. ஐகான் இடம் மாறிவிட்டதாம். இதனால் என்றாவது ஒருநாள் யாராவது உள்ளே புகுந்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண் இருநூற்று நான்கு."

இருநூற்று நான்கு பச்சை சாரின் மேஜைத் தொலைபேசி எண். கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதி, விருந்தினர்கள் வந்த அதே தேதி. ஐந்து சர்வரிலும் அதே வரி, அதே தேதி. முதலாளி அம்மா அவரைப் பார்த்தார். அவர் தன் தடித்த கோப்பைத் திறந்து, எதையோ தேடுகிறவர் போலப் புரட்டினார். "எங்க போச்சு" என்று முணுமுணுத்தார்.

அவளுக்குள் ஒரு வெற்றிக்களிப்பு பொங்கியது. கேபிளிடம் இதை எப்படி நடித்துக் காட்டலாம் என்றுகூட மனசு ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டது.

தணிக்கையாளர் அவள் பக்கம் திரும்பினார். "இந்த அறையிலேர்ந்து முதலாளி அம்மா அறைக்கு எத்தனை அடி இருக்கும்?"

"நாப்பது இருக்கும்."

"பதினாலு மாசத்துல ஒருநாளாவது அதை நடந்தீங்களா?"

அவள் திரையில் இருந்த ஐந்தாவது வரியைப் பார்த்தாள். தணிக்கையாளரே தொடர்ந்தார்.

"எழுத்துல கேட்டீங்க, குடுக்கலை. சரி. நீங்க எழுதியிருக்கலாமே? 'சார் இப்படிச் சொல்றார், நான் ஒத்துக்கலை'ன்னு ரெண்டு வரி, முதலாளி அம்மாவுக்கு? இங்க எழுதியிருக்கீங்க. நல்ல ஜோக்தான். ஆனா இதைப் படிச்ச முதல் ஆள் நான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் திட்டவில்லை. நூற்றுப்பன்னிரண்டு பேருடைய வேலை இத்தனை நாளாகத் திறந்து கிடந்ததும், தான் அதைத் தெரிந்துகொண்டே தினம் சாப்பாட்டு மேஜையில் கூத்தடித்ததும் வரிசையாகக் கண்முன் வந்தன. அந்த மனிதரை விடத் தான் புத்திசாலி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்தப் புத்தி இத்தனை மாதத்தில் செய்து முடித்த ஒரே வேலை அந்த ஐந்தாவது வரி.

"போகலை" என்றாள். "போயிருக்கணும். தப்புதான்."

"இப்ப பண்ணுங்க" என்றார் முதலாளி அம்மா.

அவள் உட்கார்ந்தாள். அலுவலகத்துக்குள் வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு, பதினொன்றுக்குள் வேலையைச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள் என்று செய்தி போனது. அப்படியும் நான்கு பேர் வரவில்லை. கேபிள் நேரில் போய் அவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி எழுப்பினான். முதலில் ஆள் குறைவாக இருக்கும் ஐந்தாவது சர்வர். பூட்டை எடுத்தாள். புதிய பதிப்பை இறக்கினாள். பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று சர்வர் கேட்டது. பழையதை வைத்துக்கொண்டு, புதியதில் என்ன வித்தியாசம் என்று வரிவரியாகப் பார்த்து, தேவையான இரண்டை மட்டும் சேர்த்தாள். சேவையை நிறுத்தித் தொடங்கினாள். ஒரு வரைவாளரை உள்ளே வரச் சொல்லிச் சோதித்தாள். கோடு விழுந்தது. பிறகு நான்காவது, மூன்றாவது.

ஒரு சர்வருக்குப் பதினோரு நிமிடம். ஒரு மனிதரின் மூன்று நிமிட அவமானத்துக்குப் பயந்து பதினான்கு மாதம் செய்யாத வேலை, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. தணிக்கையாளர் மறுபடி தன் வயரைச் செருகினார். இந்த முறை கடவுச்சொல் கேட்டது. வேறு மூன்று வழியில் முட்டிப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. மடிக்கணினியைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பச்சை சாரை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அலுவலகம் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் "மூத்த ஆலோசகர்" ஆனார். சர்வரைத் தொடவோ, தொடாதே என்று சொல்லவோ இனி உரிமை இல்லை. பதிலுக்கு மூலை அறை கிடைத்தது. இரண்டு ஜன்னல், சுழலும் நாற்காலி. போதாதென்று, இத்தனைக்கும் நடுவில் எழுதி முடித்து அனுப்பியிருந்த விண்ணப்பத்துக்குப் பலனாக அந்த விருதும் வந்து சேர்ந்தது. கண்ணாடியில் செய்த கேடயம். நேரில் வந்து எதையும் பார்க்கிற வழக்கம் அந்தச் சங்கத்துக்கு இல்லை போலிருக்கிறது. அவர் அதைக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார்.

நாத்தனார் மூன்று மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு மூலை அறையின் ஜன்னல்களைப் பற்றிச் சொல்லவென்றே வந்தாள்.

சர்வரம்மா செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் பேக்கேஜ்களைப் புதுப்பித்தாள். எது புதுசு, எது தள்ளிப்போனது, தள்ளச் சொன்னது யார் என்று அரைப் பக்கம் எழுதி, நாற்பது அடி நடந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் முறை முதலாளி அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்தார். "எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா நீ சொல்லிக்கிட்டே இரு" என்றார்.

பாலத்தின் வேலை ஒரு நிபந்தனையோடு கிடைத்தது. தணிக்கையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் வருவார். வந்தார். ஐந்து சர்வரையும் முட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. அவள் மனசுக்குள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். அப்போது அவர், "ஆறாவது எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"அஞ்சுதாங்க."

"ஆறு பதில் சொல்லுது."

தேடினார்கள். பொருள் அறையில், காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், தூசி படிந்து அது ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு சோதனைக்காக அவளே நிறுவியது. அணைக்க மறந்திருந்தாள். அதே ரிமோட் டெஸ்க்டாப் பேக்கேஜ், பூட்டுக்கும் முந்தைய பதிப்பு. யாரும் தடுக்கவில்லை. யாரும் உத்தரவு போடவில்லை.

செய்தி மூலை அறைக்கு ஓடியது. ஆலோசகர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தே விட்டார். முகத்தில் அப்படியொரு பரிவு.

"மனசைப் போட்டு உழப்பிக்காதம்மா" என்றார். "மனுஷங்கன்னா மறக்கிறது சகஜம்தான். நான் வேணா மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா? வயர் இழுத்தவன் மேல போட்டுடலாம்."

கொஞ்ச தூரத்தில் கேபிள் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் சார்" என்றாள்.

தணிக்கையாளர் அறிக்கைத் தாளை நீட்டினார். பொறுப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. அவள் அதில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அட்டைப்பெட்டிகளை நகர்த்தி, அந்த சர்வரை அணைக்க உள்ளே போனாள்.